காலையில் எழ மறுக்கும் டீசல்

பழைய டீசல் வண்டி மெதுவாக ஸ்டார்ட் ஆனால் உடனே 'என்ஜின் போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஹிமாசலப் பிரதேசத்துப் பட்டறை ஒன்றில் கழிந்த மூன்று காலைப் பொழுதுகள் வேறு கதை சொல்லின.

ஜனவரி மாதம். காலை ஆறரை மணிக்கு குல்லு பள்ளத்தாக்கில் வெப்பநிலை ஒரு டிகிரி. பியாஸ் ஆற்றங்கரையில் உள்ள அந்தப் பட்டறையின் முற்றத்தில் இரவு முழுக்கத் திறந்த வெளியில் நின்ற ஜீப்பின் பானெட் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது. 1999இல் வாங்கிய வண்டி. அதன் சொந்தக்காரர் சாவியைத் திருகப் போகும்போது கம்பளிக் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்ட உஸ்தாத் கையை உயர்த்துகிறார். "ஒரு நிமிஷம் பொறுங்க, பாயி சாப். நான் பின்னால போய் நின்னுக்கறேன்."

வட இந்தியப் பட்டறைகளில் தலைமை மெக்கானிக் உஸ்தாத், எடுபிடிப் பையன் சோட்டு. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அனேகமாகக் கிடையாது. இந்த உஸ்தாதுக்கு அறுபது வயதிருக்கும். ஸ்பேனரோ ஸ்குரூடிரைவரோ இல்லாமல் வெறுங்கையோடு வண்டிக்குப் பின்னால் போய் சைலன்சர் குழாயைப் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "இப்போ அடிங்க."

ஜீப்காரர் லாஹௌல் பகுதியில், கேலாங்குக்கு அருகே, உருளைக்கிழங்கும் பட்டாணியும் பயிரிடும் விவசாயி. முந்தின மாதம் ஓர் இரவில் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஊரில் இருக்கும் வண்டி இது ஒன்றுதான். அது கிளம்ப இருபது நிமிடம் ஆயிற்று. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் போர்வையில் சுற்றப்பட்டுப் பின் சீட்டில் கிடந்தவரின் முனகலையும் சுற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த என்ஜினின் சத்தத்தையும் கேட்டபடி கழிந்த இருபது நிமிடங்களை ஜீப்காரரால் மறக்க முடியவில்லை. சமவெளியில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை இறக்கிக்கொண்டு போனார். பத்து நிமிடம் பார்த்தார்கள். என்ஜினை இறக்க வேண்டும், போர் போட வேண்டும், பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும், எழுபதாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். அவ்வளவு பணத்துக்கு அந்த வருட உருளைக்கிழங்கு மொத்தமும் போய்விடும். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்ற யோசனையோடு திரும்பும் வழியில்தான் யாரோ இந்த ஆற்றங்கரைப் பட்டறையைச் சொல்லியிருக்கிறார்கள்.

லாஹௌலில் இந்தப் பிரச்சினை முன்பு இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. காரணம் எளிது. ரோதாங் கணவாய் பனியில் மூடிக்கொண்டால் ஏறக்குறைய ஆறு மாதம் அந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியுலகத் தொடர்பே கிடையாது. வண்டிகள் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கின. பனிக்காலத்தில் ஸ்டார்ட் ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன? 2020 அக்டோபரில் ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு நிலைமை தலைகீழானது. இப்போது ஜனவரியிலும், பெரும் பனிப்பொழிவு நாட்கள் நீங்கலாக, மணாலிக்கும் குல்லுவுக்கும் வந்துபோக முடிகிறது. பனிக்காலத்தில் உழைத்தே பழக்கமில்லாத கிழட்டு வண்டிகள் பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரியில் விடிகாலையில் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய வண்டிகள் நாடு முழுவதும் ஏராளம். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்த காலத்தில் இந்தியக் குடும்பங்கள் டீசலின் பக்கம் சாய்ந்தன. மஹிந்திரா ஜீப்புகளில் பெஷோ வடிவமைப்பு டீசல் என்ஜின்கள் வந்தன. அம்பாசடருக்கு டீசல் கிடைத்தது. 1994இல் டாடா சுமோ, 1998இல் இண்டிகா. அம்பாசடர் 2014இல் நின்றுபோயிற்று, சுமோ 2019இல். ஆனால் வண்டிகள் நிற்கவில்லை. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. அதன் பின் தலைநகரத்து டீசல்கள் பல, தடையில்லாச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு மாநிலங்களின் மலைகளுக்கும் சிற்றூர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. புகை கக்கும் வண்டிகளுக்காக வாதாட எனக்கு ஆசையில்லை. ஆனால் ஊருக்கு ஒரே வண்டி என்ற இடத்தில் அது ஓடித்தான் ஆக வேண்டும். நன்றாக ஸ்டார்ட் ஆகும் வண்டி புகையும் குறைவாகவே விடும்.

முற்றத்துக்குத் திரும்புவோம். ஜீப்காரர் சாவியை ஒரு கட்டம் திருகினார். டாஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைந்தது. செல்ஃப் அடித்தார். என்ஜின் சுற்றியது, சற்றுச் சோம்பலாக. உஸ்தாத் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது எண்ணும் வரை சைலன்சரில் ஒன்றுமே இல்லை. "போதும்" என்று நிறுத்தச் சொன்னார். அரை நிமிடம் இடைவெளி. ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடாகிப் பாழாகும் என்பது அவருடைய சட்டம். இரண்டாவது முறையில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. பச்சை டீசல் நாற்றம் மூக்கில் ஏறியது. மூன்றாவது முறையில்தான் என்ஜின் பிடித்தது. அதுவும் ஜன்னி கண்டவன் போல் உதறிக்கொண்டு. ஒரு நிமிடம் கழித்துத்தான் நிதானத்துக்கு வந்தது.

உஸ்தாத் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "இதுல ரெண்டு வியாதி இருக்கு, சாப். ஒண்ணு இல்ல."

எப்படிச் சொல்கிறார் என்று புரிய, டீசல் என்ஜின் எரியும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் என்ஜினில் பொறி உண்டு. டீசலில் பொறியே கிடையாது. காற்றை இறுக்கினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா, அதே விஷயம். பழைய டீசல் ஜீப்புகளின் என்ஜின் காற்றை அதன் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே நசுக்குகிறது. அப்போது காற்றின் வெப்பம் ஐந்நூறு டிகிரியைத் தாண்டுகிறது. அதில் டீசல் தூவப்பட்டதும் தானாகத் தீப்பிடிக்கிறது. ஆக, வேண்டியவை மூன்று: வேகமாக இறுக்கப்படும் காற்று, போதிய சூடு, சரியான நேரத்தில் வந்து சேரும் டீசல்.

வேகம் ஏன் முக்கியம்? மெதுவாக இறுக்கினால் காற்று ரிங்குகளின் ஓரமாக நழுவ நேரம் கிடைக்கிறது, இறுக்கிய காற்றின் சூட்டையும் குளிர்ந்த இரும்புச் சுவர்கள் உறிஞ்சிவிடுகின்றன. இந்த வகை என்ஜின்களில் டீசல் நேரே சிலிண்டருக்குள் தூவப்படுவதில்லை. ஹெட்டில் உள்ள ஒரு சிறு முன்னறையில் தூவப்படுகிறது. அதன் சுவர்கள் சூட்டை இன்னும் வேகமாகத் தின்னும். அதனால்தான் ஒவ்வொரு முன்னறைக்குள்ளும் ஒரு ஹீட்டர் பிளக் நீட்டிக்கொண்டிருக்கிறது. மின்சாரத்தில் அதன் நுனி செக்கச் சிவந்து எண்ணூறு டிகிரிக்கு மேல் போகும். லாரிகளிலும் பிற்கால ஜீப்புகள் சிலவற்றிலும் இருக்கும் நேரடித் தூவல் என்ஜின்கள் இது இல்லாமலே சமாளித்துவிடுகின்றன.

மலை இன்னொரு கஷ்டத்தையும் சேர்க்கிறது. கேலாங் மூவாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய எழுபது சதவீதம்தான். இறுக்கக் கிடைக்கும் காற்றே குறைவு. சென்னையில் முணுமுணுக்காமல் ஸ்டார்ட் ஆகும் ஒரு வண்டி கேலாங்கில் மல்லுக்கு நிற்பது இதனால்தான். வண்டியின் சிறு குறைகளையெல்லாம் மலையும் குளிரும் சேர்ந்து வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகின்றன.

இனி சைலன்சரின் சாட்சியம். செல்ஃப் அடிக்கும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் என்ஜினுக்குள் போகவில்லை என்று பொருள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அதாவது சூடு போதவில்லை. ஜீப் முதல் ஒன்பது விநாடிகளில் ஒன்றும் விடவில்லை, பிறகு வெள்ளையாக விட்டது. ஆகவே டீசல் தாமதமாக வருகிறது, வந்த பிறகும் சூடு பற்றவில்லை. இரண்டு வியாதி. ஹீட்டர் பிளக்கை மட்டும் மாற்றியிருந்தால் பாதிதான் சரியாகியிருக்கும், "மாற்றியும் பிரயோஜனமில்லை, என்ஜின்தான் போச்சு" என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். பழைய வண்டிகளின் நோயறிதல் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஒரு கோளாறுக்கு ஒரு காரணம் என்று எதிர்பார்க்கிறோம். இருபத்தைந்து வருட வண்டியில் மூன்று காரணங்கள் கூட்டுக் குடித்தனம் நடத்தும்.

சமவெளி ஒர்க்‌ஷாப் செய்த பெரிய தவறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடி வந்த சூடான வண்டியைப் பார்த்ததுதான். காலையில் வரும் நோயை மத்தியானம் பார்த்தால் தெரியாது. உஸ்தாத் முந்தின நாள் மாலையே ஜீப்பை வாங்கி நிறுத்திவிட்டு, "யாரும் தொடக்கூடாது" என்று சோட்டுவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்று பகலில் அவர் முதலில் தொட்டது பாட்டரியை. காசு செலவில்லாத இடத்தில் ஆரம்பிப்பது அவர் வழக்கம். மல்டிமீட்டரை வைத்தார். நின்ற நிலையில் 12.5 வோல்ட், நல்ல பாட்டரி. செல்ஃப் அடிக்கும்போது 9. கொஞ்சம் குறைவுதான். ஒன்பதரைக்கு மேல் நிற்பது நல்லது. குளிரில் பாட்டரியின் பலம் குறையும். பூஜ்ய டிகிரியில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். அதே நேரம் ஆயில் கெட்டிப்பட்டு என்ஜின் சுற்றுவதும் கடினமாகிறது. பாட்டரி கடைக்காரர்கள் ஜனவரியில் சிரிப்பது இதனால்தான். ஆனால் உஸ்தாத் பாட்டரியை மாற்றச் சொல்லவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பாட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். மீட்டர் 1.2 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டே அதிகம்.

இது பலருக்குப் புரியாத விஷயம். செல்ஃப் மோட்டார் இழுப்பது இருநூறு முந்நூறு ஆம்பியர். அவ்வளவு மின்சாரம் போகும் பாதையில் ஓர் ஓமில் ஆயிரத்தில் நான்கு பங்கு தடை இருந்தால் போதும், ஒரு வோல்ட்டுக்கு மேல் அங்கேயே கரைந்துபோகும். விளக்கு பளிச்சென்று எரியும், ஹாரன் அலறும், பாட்டரி பிரமாதம் என்று நினைப்போம். செல்ஃப் மட்டும் இழுக்காது. சேசிஸுக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையைக் கழற்றினால் போல்ட்டின் அடியில் பச்சைக் களிம்பும் துருவும். உப்புத்தாளால் தேய்த்து, பட்டையையே புதிதாக மாற்றி, மேலே கிரீஸ் தடவினார் சோட்டு. மறுபடி அளந்தபோது 0.2. செல்ஃபின் குரலே மாறியிருந்தது, காதாலேயே கேட்க முடிந்தது. பாட்டரியோ செல்ஃப் மோட்டாரோ வாங்கச் சொல்லும் எவரிடமும் முதலில் இந்த அளவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

பிற்பகலில் இன்னொரு சோதனை. ஜீப்பை பத்துக் கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, மூன்று மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். என்ஜின் இன்னும் வெதுவெதுப்பு. ஆனாலும் ஸ்டார்ட் ஆக ஆறு விநாடி பிடித்தது, அதுவரை புகையில்லை. குளிர் இல்லாமலும் வரும் தாமதம் என்றால் ஹீட்டர் பிளக் மேல் பழிபோட முடியாது. வண்டி நிற்கும்போது டீசல் எங்கேயோ பின்வாங்குகிறது.

டீசல் டாங்க் கீழே, என்ஜின் மேலே. பம்ப் டீசலை உறிஞ்சி மேலே இழுக்கிறது. பாதையில் ஊசித் துவாரம் இருந்தாலும் காற்று உள்ளே புகும். வண்டி நின்றதும் குழாயில் உள்ள டீசல் மெல்ல டாங்குக்கே இறங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், உறிஞ்சும் பக்கத்தில் உள்ள ஒழுக்கு வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. தரையில் ஒரு சொட்டுக் கறை இல்லை என்பதால் ஒழுக்கே இல்லை என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு.

இரண்டாம் நாள் காலை. உஸ்தாத் சாவியைத் தொடும் முன் பில்டர் தலையில் உள்ள கை பம்பை அமுக்க ஆரம்பித்தார். ஒழுங்கான வண்டியில் நாலைந்து அமுக்கில் கை கனக்கும். இதில் நாற்பது தடவை. பிறகு செல்ஃப். இந்த முறை உடனே புகை, வெள்ளையாக. நாலு விநாடியில் பிடித்துவிட்டது. உதறல் மட்டும் போகவில்லை. முதல் வியாதி ஊர்ஜிதம், இரண்டாவது அப்படியே இருக்கிறது.

காற்று எங்கே புகுகிறது? இதற்கு அவர் கையாண்ட கருவி இரண்டு முழம் நிறமற்ற பிளாஸ்டிக் குழாய். முதலில் டாங்குக்கும் பில்டருக்கும் நடுவே மாட்டினார். என்ஜின் ஓடும்போது டீசல் குமிழி இல்லாமல் தெளிவாக ஓடியது. அதையே கழற்றி பில்டருக்கும் பம்புக்கும் நடுவே மாட்டினார். சரம் சரமாகக் குமிழிகள். பில்டருக்கு முன் இல்லாத காற்று பில்டருக்குப் பின் இருக்கிறது என்றால் வாசல் பில்டரிலேயே இருக்கிறது. பிரித்துப் பார்த்தபோது கை பம்பின் ரப்பர் வெடித்து, ஓ-ரிங் ஒன்று கல்லாய் இறுகிப்போயிருந்தது. செப்பு வாஷர்களையும் சேர்த்து எல்லாம் மாற்றியும் செலவு முந்நூறு ரூபாய்க்குள். இப்படியும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் கடைசி வழி ஒன்று உண்டு. பானெட் உயரத்தில் ஒரு கேனில் டீசலைத் தொங்கவிட்டு அதிலிருந்து நேரே பம்புக்குக் குழாய் கொடுத்து ஓர் இரவு விட வேண்டும். காலையில் பட்டென்று ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி டாங்குக்கும் பம்புக்கும் இடையில்தான்.

ரப்பர் விஷயத்தில் ஒரு சந்தேகம் பட்டறைகளில் அடிக்கடி எழுப்பப்படுகிறது. இந்தியாவில் ஒரு காலத்தில் டீசலில் ஒரு சதவீதம் வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க விற்கும் டீசலில் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கூடாது. காற்றுக்கு நல்லதுதான். ஆனால் கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் டீசலின் வேறு சில சேர்மானங்களும் மாறுகின்றன. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த ரப்பர் சீல்கள் புதிய டீசலில் சுருங்கக்கூடும். அமெரிக்காவில் 1993இல் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பழைய பம்புகள் ஒழுகுவதாகப் புகார்கள் எழுந்தன. எரிபொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. இருபது வருடம் தாண்டிய வண்டியில் டீசல் பாதையின் ரப்பர் ஒவ்வொன்றையும் ஒருமுறை மாற்றிவிடுவது மலிவான காரியம்.

அடுத்து ஹீட்டர் பிளக். நான்கையும் இணைக்கும் பித்தளைப் பட்டையைக் கழற்றி, பாட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சிறு பல்பின் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டார் சோட்டு. இரண்டில் பல்பு எரிந்தது, இரண்டில் இல்லை. நான்கில் பாதி செத்திருக்கிறது. மிகப் பழைய வண்டிகளில் பிளக்குகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் நான்கும் போகும், வண்டி அடியோடு மறுக்கும், உடனே தெரிந்துவிடும். இந்த ஜீப்பில் தனித்தனி இணைப்பு. இரண்டு சிலிண்டர் எரிய, மற்ற இரண்டும் அவற்றின் முதுகில் சவாரி செய்தன. உதறலின் ரகசியம் அதுதான். டாஷ்போர்டு விளக்கோ ஒழுங்காக எரிந்து அணைந்துகொண்டிருந்தது. விளக்குக்கும் பிளக்கின் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமில்லை. அது வெறும் கடிகாரம்.

கழற்றிய பிளக் ஒன்றின் நுனி தின்றுபோயிருந்ததை உஸ்தாத் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த சிலிண்டரின் நாசில் டீசலைத் தூவாமல் ஒழுகவிடுகிறது என்று அவருக்குச் சந்தேகம். அந்த ஊர் பம்ப் ரூமில் நான்கு நாசில்களையும் சோதனைக் கருவியில் மாட்டினார்கள். மூன்று மூடுபனி போல் தூவின. நான்காவது, மூடாத குழாய் போல் சொட்டியது. அதை மாற்றாமல் புதுப் பிளக் போட்டிருந்தால் அதுவும் சில மாதத்தில் கருகியிருக்கும்.

கடைசியாகத்தான் அந்த எழுபதாயிரம் ரூபாய்க் கேள்வி. ஹீட்டர் பிளக் துளைகளின் வழியே கம்ப்ரஷன் கேஜை மாட்டி நான்கு சிலிண்டர்களையும் அளந்தார். 26, 25, 26, 24. இந்த வகை என்ஜினில் இருபதுக்குக் கீழே போனாலோ, ஒரு சிலிண்டருக்கும் மற்றொன்றுக்கும் நாலைந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ கவலைப்படலாம். குல்லுவே ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் அளந்திருந்தால் இன்னும் கூடுதலாகவே காட்டியிருக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவைத்து என்ஜினை ஓட்டியபோது லேசான மூச்சுதான் வந்தது. ரிங் தேய்ந்த என்ஜினில் ரயில் என்ஜின் மாதிரி புகை அடிக்கும். ஜீப்காரர் எண்களைப் பார்த்தார், உஸ்தாதைப் பார்த்தார். "அப்போ போர் போட வேண்டாமா, உஸ்தாத்ஜி?" "இன்னும் அஞ்சு வருஷத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம்."

இந்தக் கேஜ் மாட்டி அளக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதைச் செய்யாமல் என்ஜினை இறக்கச் சொன்னதைக் கவனக்குறைவு என்பதா, வேறு பெயர் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

சமவெளி வாசகர்களுக்கு நேர்மாறான ஒரு தொல்லை உண்டு. காலையில் முதல் செல்ஃபிலேயே பிடிக்கும் வண்டி, நாக்பூரின் மே மாத வெயிலில் டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தினால் மறுபடி எழாது. சுழலும் வகை இன்ஜெக்‌ஷன் பம்ப் உள்ள வண்டிகளில் இது சகஜம். பம்பின் உட்பாகம் தேய்ந்திருந்தால், சூட்டில் நீர்த்துப்போன டீசல் இடுக்கு வழியே நழுவிவிடும். ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் அழுத்தம் ஏறாது. இதைச் சோதிக்க ஈரத் துணியை பம்பின் மேல் சுற்றிச் சற்று நேரம் ஆறவிடுவார்கள். அதன் பின் உடனே ஸ்டார்ட் ஆனால் பம்ப் ரூமுக்குப் போக வேண்டியதுதான். இது செலவு வைக்கும் வியாதி. அதை முழுக்கக் குணப்படுத்தும் மலிவான வைத்தியம் ஏதும் இல்லை.

ஜீப்பின் டாஷ்போர்டு பெட்டியிலிருந்து ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்தபோதுதான் உஸ்தாத் முதல் முறையாகக் கோபப்பட்டார். ஈதர். ஏர் பில்டருக்குள் ஒரு தடவை அடித்தால் செத்த வண்டியும் எழும் என்று சந்தையில் விற்கிறார்கள். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் அது விபரீதம். சிவந்திருக்கும் நுனியில் பட்டு, பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடிக்கும். பிஸ்டன் உடையலாம், ரிங் நொறுங்கலாம், காற்றுக் குழாய் வழியே தீ வெளியே பாயலாம். பெட்ரோல் நனைத்த துணியை ஏர் பில்டர் வாயில் பிடிப்பதும் இதே ஜாதிதான். மலைப் பாதைகளில் என்ஜினுக்கு அடியில் கங்கு வைப்பதையும் பார்த்திருக்கிறேன். வண்டி எரிந்துபோனால் குற்றம் குளிர் மேல் போகும்.

எரிபொருளே உறைவது தனி விவகாரம். டீசலில் மெழுகு இருக்கிறது. கடுங்குளிரில் அது திரண்டு முதலில் பில்டரை அடைக்கும், பிறகு டீசலே ஓடாது. லடாக், கார்கில், காசா, கேலாங் வண்டிக்காரர்கள் மண்ணெண்ணெய் கலந்து ஒப்பேற்றுவார்கள். அது சட்டவிரோதம் என்பதோடு, டீசலின் வழுவழுப்பை நம்பி இயங்கும் பம்புக்கும் கெடுதல். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த குளிர்கால டீசலை லடாக்கில் அறிமுகப்படுத்தியது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை அது ஓடும் தன்மையை இழக்காது. சமவெளியில் டாங்கை நிரப்பிக்கொண்டு ஜனவரியில் மலையேறுகிறவர்கள் பாதி டாங்கோடு ஏறி, மலையில் விற்கும் டீசலை நிரப்பிக்கொள்வதே உசிதம். அறிகுறி சுலபமாகத் தெரியும். வண்டி ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடம் ஓடி, மூச்சுத் திணறி நின்றுபோகும். பில்டரைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே பஞ்சாமிர்தம் போல் இறுகியிருக்கும்.

மூன்றாம் நாள் காலை மீண்டும் ஒரு டிகிரி. நான்கு புது ஹீட்டர் பிளக், ஒரு நாசில், புது பில்டர், வாஷர்கள், எர்த் பட்டை. டாப்பெட் இடைவெளியையும் சரிபார்த்திருந்தார்கள். மொத்த பில், கூலி உள்பட, ஆறாயிரத்துச் சொச்சம். உஸ்தாத் வழக்கம் போல் சைலன்சருக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஹீட்டர் விளக்கு அணைந்தது. செல்ஃப் அடித்து இரண்டு எண்ணி முடிப்பதற்குள் என்ஜின் பிடித்துவிட்டது. ஒரு கொத்து சாம்பல் புகை, அவ்வளவுதான். அவர் முகத்தில் மகிழ்ச்சி எதுவும் தெரியவில்லை. "ஆயில் என்ன ஊத்தறீங்க?" என்றார். 20டபிள்யூ-40 என்றார் ஜீப்காரர். "குளிர்காலத்துல 15டபிள்யூ-40 ஊத்துங்க. சுத்தறதுக்கு லேசா இருக்கும்."

நான் அந்த ஜீப்பிலேயே சுரங்கப்பாதை வழியாக அவருடைய ஊருக்குப் போனேன். அன்றிரவு வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா வந்து வண்டியைப் பற்றி விசாரித்தார். காலையில் வாசல் தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே 11 காட்டியது. ஜீப்காரர் ஹீட்டரை இரண்டு முறை போட்டார். முதல் செல்ஃபில் என்ஜின் இருமிவிட்டு நின்றது. இரண்டாவதில் பிடித்தது, சற்று உதறியது, நிதானித்தது. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் இறங்கி வந்து பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்.

மாலையில் திரும்பி வந்ததும் பார்த்தேன். வண்டியை மூக்கு சரிவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்துக்கொண்டிருந்தார். இனி எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும், சாப்" என்றார்.